பத்து சதவீதம் வரைக்கும் சுடலாமா?

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. இன்னைக்குக் கொஞ்சம் சீரியஸ் மேட்டர், மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கவும்.

எங்க அம்பத்தூர்ல இருந்து ஆவடி, பூந்தமல்லின்னு எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் ஒரு இஞ்சினியரிங் காலேஜ் பஸ்ஸாவது குறுக்கே வரும். இந்தக் காலேஜ்களை நம்பிப் பிழைக்கிற தொழில் ஒண்ணு உண்டு, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சென்டர். காசு கொடுத்தா கோடு, ரிப்போர்ட், வைவாவுல சொல்ல வேண்டிய பதில் எல்லாம் பார்சல். இப்ப கூடவே இன்னொரு சர்வீஸும் சேர்ந்திருக்கு: ரிப்போர்ட்டோட சிமிலாரிட்டியைப் பத்து சதவீதத்துக்குக் கீழே இறக்கித் தர்றது. பி.எச்.டி. பண்ற என் சித்தி பையனே போன வாரம், "அண்ணா, இருபத்திமூணு காட்டுது, ஒன்பது ஆக்கணும், ஏதாவது டூல் இருக்கா?"ன்னு கேட்டான். எந்தப் பக்கத்துல எதை எங்கிருந்து எடுத்தேங்கிற பேச்சே அதில் இல்லை. ஏதோ பி.பி.யைக் குறைக்க மாத்திரை கேட்கிற மாதிரி இருந்தது.

அவனைச் சொல்லிக் குத்தமில்லை. யுஜிசி 2018-ல் கொண்டுவந்த விதி அப்படி. ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தா தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரைன்னா திருத்தி ஆறு மாசத்துக்குள்ள திரும்பக் கொடுக்கணும். 40-க்கு மேலே 60 வரைன்னா ஒரு வருஷம் கொடுக்கவே முடியாது. அதையும் தாண்டினா பதிவே ரத்து. இதே விதியில ஆய்வோட கருதுகோள், முடிவு எல்லாம் சொந்தமா இருக்கணும்னும் எழுதியிருக்கு. ஆனா அதை யார் படிக்கிறா? நம்மாளுங்க கண்ணுக்குப் பத்துங்கிற நம்பர் மட்டும்தான் தெரியுது.

மென்பொருள் பார்க்கிறது வார்த்தைகளோட வரிசையைத்தான். வார்த்தையை மாத்தினா அது கண்ணுல மண். அப்படி மாத்தப் போய் நடந்த கூத்தை கியோம் கபனாக்னு ஒரு பிரெஞ்சு ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் 2021-ல் வெளியே கொண்டுவந்தாங்க. ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ்னு வர வேண்டிய இடத்துல 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்'. அதாவது செயற்கை நுண்ணறிவு போய் கள்ள உணர்வு ஆயிடுச்சு :-) இதெல்லாம் அச்சுல வந்த ஆய்வுக்கட்டுரைகள் சாமி! இப்ப சாட்ஜிபிடி இருக்கிறதால இந்தக் காமெடியும் போச்சு. சுத்தமா, அழகா மாத்திக் கொடுத்துடும். நம்பர் இறங்கிடும், திருட்டு அப்படியே இருக்கும்.

திருட்டுன்னா என்னன்னு தெரியணும்னா ரொம்ப தூரம் போக வேணாம். எங்க ஸ்டேஷன் தண்டவாளத்திலேயே போனா திருப்பதி. அங்கே ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துல பி. சிரஞ்சீவின்னு ஒரு வேதியியல் பேராசிரியர் (நடிகர் இல்லைங்க). 2004-லிருந்து 2007-க்குள்ள சுமார் 70 கட்டுரை, 25 பத்திரிகைகள்ல. அதெல்லாம் சுட்டது இல்லேன்னா இட்டுக்கட்டினதுன்னு 2008-ல் உலகம் முழுக்க செய்தி ஆச்சு. அவர் டெக்னிக் என்ன தெரியுமா? வேற நாட்டுக்காரங்க கட்டுரையை எடுத்து, அதுல ஒரு தனிமத்தோட பேரை அழிச்சுட்டு இன்னொரு தனிமத்தோட பேரைப் போடறது. அவர் பயன்படுத்தினதா எழுதின சில கருவிகள் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே கிடையாது!

மாட்டினது எப்படி? ஒரு பத்திரிகைக்கு வந்த அவர் கட்டுரையை, விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் உட்கார்ந்து படிச்சார். அவ்வளவுதான். ஒருத்தர் படிச்சார், மாட்டிக்கிட்டார். செய்யாத சோதனைக்கு முடிவு எழுதறதை சதவீதம் போட்டு எந்த மெஷின் கண்டுபிடிக்கும்? யோசிச்சுப் பாருங்க, அந்த முடிவை நம்பி தண்ணியிலே விஷ உலோகம் எவ்வளவுன்னு இன்னொருத்தன் சோதிக்கப் போனா அவன் கதி என்ன?

எனக்கு மூலத்தைச் சொல்றதுங்கிறது போலீஸ் சமாச்சாரமா தோணலை. உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க (1887-ல் வந்தது) பட்ட பாட்டை என் சரித்திரத்துல படிச்சிருப்பீங்க. நச்சினார்க்கினியர் உரையில மேற்கோள் மேல மேற்கோளா வருது. ஆனா பல இடத்துல எந்த நூல்னு பேர் கிடையாது, பிறர் சொன்னாங்கன்னு மட்டும் இருக்கு. அது எங்கேயிருந்து வந்ததுன்னு தெரியாம மனுஷன் தவிச்சிருக்கார். அப்புறம் சங்க நூல் ஏடுகளைப் பார்க்கப் பார்க்கத்தான் ஒவ்வொண்ணா பிடிபட்டது. நச்சினார்க்கினியர் திருடல, அந்தக் காலத்து வழக்கம் அது, படிக்கிறவனுக்கு நூல் தெரியும்னு ஒரு நம்பிக்கை. சில நூற்றாண்டு கழிச்சு வர்றவனுக்குத் தெரியலையே?

அதே உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டினதாலதான் வளையாபதி மாதிரி தொலைஞ்சு போன நூல்கள்ல கொஞ்சம் பாட்டாவது நமக்கு மிஞ்சியிருக்கு, அதையும் சொல்லணும்.

நம்ம பொழப்பும் இதேதான். எங்கிருந்தோ எடுத்த கோடுக்கு மேலே லிங்க்கை ஒரு வரி கமென்ட்டாப் போட்டு வச்சா, ராத்திரி ரெண்டு மணிக்கு அது ஊத்திக்கும்போது உட்கார்ற புண்ணியவான் கும்பிடுவான். போடலேன்னா 'கிட் ப்ளேம்' அடிச்சுப் பேரைக் கண்டுபிடிச்சு வம்சத்தையே திட்டுவான்.

அதனால காலேஜ் வாத்தியார்கள் யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். அந்த சிமிலாரிட்டி ரிப்போர்ட்டை ஓரமா வச்சுட்டு, வைவாவுல பையன் போட்ட மேற்கோள் பட்டியல்லேர்ந்து ஏதாவது மூணைத் தொட்டு, "இதுல என்னப்பா சொல்லியிருக்கான், நீ எதை எடுத்துக்கிட்டே?"ன்னு கேளுங்க. பத்து நிமிஷம் ஆகும். பசங்களுக்கும் ஒரு தகவல்: நாடு முழுக்க உள்ள பி.எச்.டி. ஆய்வேடுகள் சோத்கங்காவுல கொட்டிக் கிடக்கு. உங்க கைடோட ஆய்வேடும் இருக்கான்னு தேடிப் பாருங்க, காசு கிடையாது.