மரம் என்பது வசையா?

உணர்வற்றவனை 'மரம்' என்று வைவது நாட்டு வழக்கு. வைவோர் வைதுவிட்டுப் போகட்டும். ஆனால், கற்றறிந்தோர் எனப்படுவோரும் விலங்கையே உயிருக்கெல்லாம் அளவுகோலாகக் கொண்டு பாடம் நடத்துகின்றனரே, அதனைத்தான் பொறுக்க இயலவில்லை! "சுடீராய்டு வகை இயக்குநீர் கண்ணறைக்குள் புகுந்து உட்கருவில் வினையாற்றும்" என்று பொதுவிதிபோல் எழுதி வைக்கின்றனர். அது பெரிதும் விலங்குக்குரிய விதி. நிலைத்திணை அவ்விதிக்கு அடிமையன்று.

1979-இல் அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர், தேனீக்கள் திரட்டிய கடுகினப் பூந்தாது 227 கிலோவை வடித்து வடித்து 4 மில்லிகிராம் பிராசினோலைடு எடுத்தனர். அதுவும் சுடீராய்டே. அதனை ஏற்கும் புரதம் எங்கே உள்ளது? 1997-இல் கலிபோர்னியாவில் சியான்மிங் இலீயும் சோவான் சோரியும், வளராது குறுகிப்போன அராபிடாப்சிசுச் செடிகளைக் கொண்டு அதற்குரிய மரபணுவைக் கண்டனர். ஏற்பி உட்கருவில் இல்லை. கண்ணறையின் புறப்படலத்தில், வெளியே ஒரு கையும் உள்ளே ஒரு கையுமாக நிற்கின்றது! வெளிக்கை சுருள்வில்போல் வளைந்தது. இயக்குநீர் அதன் குழியிற் பொருந்தியதும் துணைப்புரதம் ஒன்று வந்து ஒட்டும். இரண்டையும் பிணைக்கும் பசை அவ்வியக்குநீரே. உடனே உட்கைகள் ஒன்றன்மேல் ஒன்று பாசுவேற்றுக் கூறுகளை ஏற்ற, செய்தி படிப்படியாய் உட்கருவுக்குச் செல்லும். செய்திதான் போகும், தூதன் வாயிலிலேயே நின்றுவிடுவான். அவ்வெளிக்கையின் வடிவத்தை 2011-இல் படிகமாக்கியே பார்த்துவிட்டனர். இன்னும் என்ன சான்று வேண்டுமோ?

எல்லா இயக்குநீரும் இவ்வாறே எனல் பிழை. சிப்பெரெல்லின் உள்ளே புகுந்தே தன் ஏற்பியைச் சேரும். தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றதைக் காட்டி, ஏற்பியையும் அவரே கண்டார் என முழங்குவதும் வீண். அவர் சொன்னது தொடுவுணர்வை. அவர் பெருமைக்கு அதுவே போதும்.

"இதனால் உழவனுக்கு என்ன?" என்பார், சப்பானிலும் கொரியாவிலும் நெடுங்காலம் பயிரிடப்பட்ட 'உசு' என்னும் குட்டை வாற்கோதுமையைக் காண்க. இதே ஏற்பியில் ஒரேயோர் அமினோக்காடி மாறியதனால்தான் அதன் தாள் குட்டையாயிற்று. காற்றுக்குச் சாயாமல் கதிர் தாங்கிற்று. ஏற்பி என்ற சொல்லையே அறியாத உழவர் கண்ணால் கண்டு பொறுக்கி வைத்த விதை அது. காரணத்தை ஆய்வாளர் சொன்னது 2003-இல்தான்.