படத்தைப் பார்க்க எழும்பின அம்மா

அக்காவுக்கு கொழும்பில் வேலை கிடைத்து ஆறு மாசம். அப்பா அம்மாவோட 25ஆவது கல்யாண நாளுக்கு எங்களை லக்கலையில் இருந்து கூப்பிட்டு, ஒரு ஆர்ட் கலரி ரெஸ்டோரண்டுக்குக் கூட்டிட்டுப் போனா. விடிய முன்னம் பஸ் ஏறி, மாத்தளையில் மாறிப் போனோம். பெயர் வேண்டாம். கொழும்பில் இப்படி ஒன்று மட்டும் இல்லை.

மெனு இங்கிலீஷில் மட்டும். அதில் குரக்கன் ரொட்டி இருந்தது, 2,800 ரூபா. சேவைக் கட்டணம் 10 வீதம், வற் 18 வீதம் சேர்த்தா 3,600ஐத் தாண்டும். எங்க பக்கம் சேனையில விளையிற குரக்கன். தோட்டத் தொழிலாளியோட நாள் சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ஆனது. "ரெண்டு நாள் கொழுந்து பறிச்சும் ஒரு ரொட்டி தின்ன ஏலாது"ன்னு அம்மா சிரிச்சாங்க. அப்பா சிரிக்கல. பல்லேகமவில் இருந்த அவர் கடை 2018இல் களு கங்கை நீர்த்தேக்கத்துக்குள்ள போனதில் இருந்து விலை விஷயத்தில் அவர் சிரிக்கிறதில்லை.

விலைக்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. எங்க மேசைக்கு எதிர்ச் சுவரில் பெரிய படம் ஒன்று, கொழுந்து பறிக்கிற பொம்பளைகள். கல்யாணம் கட்டும் வரை அம்மா றத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அதே வேலைதான் செஞ்சாங்க. எழும்பிக் கிட்டப் போய்ப் பார்த்தாங்க. "கயிறு உச்சந்தலையில நிக்கணும், கீழ துணி மடிச்சு வைக்கணும். இப்பிடிப் போட்டா கழுத்து ஒடிஞ்சிரும்." அந்த மண்டபத்தில் அன்றைக்கு ஓவியத்தைப் பற்றிப் பேசின ஒரே ஆள் அவங்கதான். உடனே ஒருத்தர் வந்து, மற்ற மேசைக்காரங்களுக்கு இடைஞ்சலா இருக்கு, உட்காருங்கன்னு சொல்லிட்டார். தமிழில்தான் சொன்னார், ஆனா குரலைத் தாழ்த்தி. அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. தமிழை ஏன் தாழ்த்திப் பேச வேண்டியிருக்கு என்பதுதான் கோபம்.

1987இல் 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி. தனியார் சுவருக்கு அது செல்லாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா தோட்டத்துப் பொம்பளையை வரைஞ்சு மாட்டி, அதுக்குக் கீழ அவளுக்கு வாசிக்கத் தெரியாத பாஷையில் மட்டும் குறிப்பு எழுதுறதுக்குப் பேர் ரசனையா?

ஃபெகல்டியில் ஒரு நண்பன் சொன்னான்: "மச்சான், அது வசதியானவங்க இடம். பிடிக்காட்டி போகாத." வரலாறு வேற மாதிரி. மியூசியத்துக்குள்ள ரெஸ்டோரண்ட் என்பதை முதலில் செஞ்சது லண்டன் சவுத் கென்சிங்டன் மியூசியம், இன்றைய விக்டோரியா அண்ட் அல்பர்ட். அதை நடத்தின ஹென்றி கோல், வேலை முடிஞ்சு தொழிலாளிகள் வரணும்னு காஸ் விளக்கு போட்டு ராத்திரியிலும் திறந்து வச்சார். 1867 மெனுவில் முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புன்னு பிரிச்சுத்தான் இருந்தது. அசிங்கம்தான். ஆனாலும் வேலையாட்களுக்கும் அங்க ஒரு தட்டு இருந்தது. நம்ம கலரிகள் அந்தக் கடைசித் தட்டை மட்டும் எடுத்துட்டாங்க.

அதே லண்டனில் டேட் பிரிட்டன் ரெஸ்டோரண்ட் சுவரில் 1927இல் ரெக்ஸ் விஸ்லர் வரைஞ்ச ஓவியத்தில் கறுப்பினப் பிள்ளைகளை அடிமையாகப் பிடிச்சுட்டுப் போற காட்சி இருக்கு. அதுக்குக் கீழ தொண்ணூறு வருஷத்துக்கு மேல சாப்பிட்டாங்க. இனி அங்க ரெஸ்டோரண்ட் இல்லைன்னு 2022இல்தான் அறிவிச்சாங்க. சாப்பிட வந்தவங்க தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தா இவ்வளவு காலம் போயிருக்காது. எங்க அம்மா பார்த்தாங்க. உட்காரச் சொன்னாங்க.

குறிப்பு மூணு மொழியில் இருக்கணும். மெனுவும்தான். மாணவனும் தோட்டத்துச் சனமும் வாங்கக்கூடிய ஒரு தட்டு வேணும். படத்துக்கு முன்னால எவ்வளவு நேரமும் நிக்க விடணும். இதுக்கு என்ன பெரிய செலவு?

பில்லை அக்கா எங்களுக்குக் காட்டவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கேட்டாங்க, "சாப்பிடாம படம் மட்டும் பார்க்க விடுவாங்களா?" அடுத்த லீவுக்கு ரெண்டு பேரும் போறோம்.