பத்தாயிரம் ஸ்டெப்ஸ்: யார் போட்ட கணக்கு?

எங்கள் பென்ஷன்காரர் வாட்ஸ்அப் குழுவில் இப்போதெல்லாம் காலை வணக்கப் படங்கள் குறைந்துவிட்டன. பதிலுக்கு இரவு பத்து மணி வாக்கில் எண்கள் வந்து விழுகின்றன. 10,214. 11,067. 10,003. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்தாலே போதும், எந்த இடத்தில் நின்று மனிதர் படுக்கைக்குப் போனார் என்று புரிந்துவிடும். கீழே கைதட்டல் பொம்மைகள். 4,000 என்று போட்டவருக்கு மட்டும், "என்ன சார், உடம்பு சரியில்லையா?"

போன மாதம் அந்தக் குழுவில் ஒருவர், என் முப்பதாண்டு நண்பர், இரவு ஒன்பதே முக்காலுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். 1,300 பாக்கி. மொட்டை மாடிக்குப் போய் எட்டு போட்டு நடக்க ஆரம்பித்திருக்கிறார். தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீரில் கால் வழுக்கி, ஊன்றிய இடது மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் கட்டோடு படுத்துக்கொண்டு அவர் குழுவில் போட்ட செய்தி: "நேற்று இலக்கு தவறிவிட்டது, மன்னிக்கவும்."

யாரிடம் மன்னிப்பு? எதற்கு? அன்று வந்த கோபம்தான் இந்தக் கட்டுரை.

நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவன். நெல் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு எழுதுவோம். பயிர் செழிப்பாக இருக்கும் மூலையில் கயிறு கட்டினால் மேலதிகாரி விடமாட்டார். இடத்தைச் சீட்டுப் போட்ட மாதிரி எண் அட்டவணைதான் தீர்மானிக்கும். ஒரு எண்ணை நம்புமுன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது எனக்கு அங்கே ஒட்டிக்கொண்ட வியாதி.

அப்படிக் கேட்டால், இந்தப் பத்தாயிரம் எந்த மருத்துவக் கல்லூரியிலிருந்தும் வரவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் 1964இல் முடிந்தது. மறு வருடம் ஜப்பானில் ஒரு கடிகாரக் கம்பெனி, இடுப்பில் மாட்டிக்கொண்டு காலடிகளை எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் மாம்போ-கெய், அதாவது பத்தாயிரம் அடி அளக்கும் கருவி. பொருளோடு வந்த பெயர், அவ்வளவுதான். அறுபது வருடம் கழித்து அது என் நண்பரை ராத்திரியில் மாடி ஏற வைக்கிறது.

ஆராய்ச்சியே இல்லையா என்றால், பிறகு வந்தது. அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களை வைத்து ஐ-மின் லீ குழுவினர் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500 வாக்கில் அந்தப் பலன் கூடாமல் நின்றுவிடுகிறது. (ஏற்கெனவே திடமாக இருப்பவர்கள்தானே அதிகம் நடப்பார்கள் என்று என்னைப்போன்ற குமாஸ்தா கேட்பான். அந்தக் கேள்வியும் நியாயமே.) குழுவில் கேலிக்கு ஆளான அந்த 4,000காரர், ஆய்வின்படி, வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

நடப்பது வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். 2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் பாதை அறிவித்தபோது மகிழ்ந்தவன் நான். என் சண்டை கால்களோடு அல்ல, மணிக்கட்டோடு.

எனக்கும் மகள் ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். நான்கு மாதம் கட்டினேன். கண்டமங்கலத்திலிருந்து வளவனூருக்கு ஸ்கூட்டரில் போய் இறங்கினால், ரோட்டுக் குலுக்கலையும் நடையாக எண்ணி வைத்திருக்கும். அது கூடப் பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்குப் போய் ராஜகிரி ஏறினேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். சுமார் 240 மீட்டர் உயரம். வாசல்கள் ஒவ்வொன்றாகத் தாண்டி, குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றி, உச்சிக்கு முன்னால் பிளந்து கிடக்கும் பள்ளத்தின் மேல் பாலத்தைக் கடந்து மேலே போய் உட்கார்ந்தபோது தொடை இரண்டும் நடுங்கின. இறங்கி வந்து பஸ்ஸில் ஏறியதும் கடிகாரம் ஒரு துடி துடித்தது: இலக்குக்கு இன்னும் 3,100 பாக்கி! சமதரையில் வைக்கும் அடியும் ஆளை விழுங்கும் படியில் வைக்கும் அடியும் அதற்கு ஒன்றே. அன்று கழற்றியதுதான்.

"நீ மட்டும் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாயே" என்று குழுவில் ஒருவர் குத்துவார். உட்காருகிறேன். காலை இரண்டு மணி நேரம், மாலை கொஞ்சம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்களைத் தேடுவேன். செஞ்சிக்குப் பக்கத்திலேயே சிறுகடம்பூரில் திருநாதர்குன்று என்று ஒன்று இருப்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. எத்தனையோ முறை அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருந்தும் தெரியாது. பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள், இரண்டு வரிசையாக. பக்கத்தில் ஒரு பழங்கல்வெட்டு: சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்த இடம் அது என்கிறது. நேரில் போய், அந்த எழுத்துகளின் முன் அரை மணி நேரம் அசையாமல் நின்றேன். கடிகாரம் கட்டியிருந்தால் எழுந்து நடக்கச் சொல்லியிருக்கும்.

கம்ப்யூட்டர் என்னை ஒரு குன்றுக்கு அனுப்பியது. கைக்கடிகாரம் குன்றின் மேல் இருக்கும்போதும் கையையே பார்க்க வைத்தது. இரண்டும் ஒரே ஜாதி யந்திரம்தான். ஒன்றிடம் கேள்வி கேட்பவன் நான், மற்றது என்னைக் கேள்வி கேட்கிறது. வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

நானும் எண்ணுகிறேன், மறைக்க மாட்டேன். எக்செல்லில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். எந்த மலை, எத்தனை மணிக்கு ஏறினேன், எத்தனை இடத்தில் உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற வருடம் ராஜகிரியில் ஒன்பது இடம். கடைசியாகப் போனபோது பதினான்கு. இந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இது என்னுடையது. எந்தப் படியில் மூச்சு வாங்கியது, யார் அருகில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார் என்பதுவரை ஞாபகம் இருக்கிறது. அந்தப் பதினான்கில் ஆறேழு இடங்களில் தண்ணீர் கொடுத்தவர், இப்போது கட்டோடு இருக்கும் அதே நண்பர்தான்.

அவரிடம் நேற்று பேசினேன். "கட்டு பிரித்ததும் மறுபடி எட்டுதானா?" என்றேன். சிரித்தார். கடிகாரம் இப்போது வலது கையில் இருக்கிறதாம். கழற்ற மனசில்லை, மகன் அனுப்பியது என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்வது?

முதலில் ஏற்றம் இல்லாத இடமாக, திருவக்கரைக்கு அழைத்துப் போகப் போகிறேன். கல்லாகிப் போன மரங்கள் அங்கே தரையிலேயே கிடக்கின்றன, இரண்டு கோடி வருடமாக. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, மெல்ல நடக்கலாம். கடிகாரத்தை என் சட்டைப் பையில் போட்டு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.