விளையாட்டு மருந்து ஆகுமா?

கம்ப்யூட்டரில் விளையாடினால் புற்றுநோய் குணமாகுமா?

ஆகாது. நோயைக் குணப்படுத்துவது மருந்து. ஆனால், அந்த மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வைக்க விளையாட்டால் முடியும். இதை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்து இருக்கிறார்கள்.

தவறும் மாத்திரைகள்

புற்றுநோய் வந்த சிறு வயதினரில் பலர் இப்போது பிழைத்துக் கொள்கிறார்கள். ஆனால், சிகிச்சை நீண்டது. ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பிய பிறகும், பலர் மாதக் கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். சிலருக்கு அது ஆண்டுக் கணக்கில் நீளும்.

மாத்திரை குமட்டும். உடம்போ தேறிவிட்டது போலத் தோன்றும். "இனி எதற்கு?" என்று வாலிபப் பிள்ளைகள் விட்டு விடுவது உண்டு. அம்மா கேட்டால், "சாப்பிட்டேன்" என்று சொல்லி விடுவார்கள்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உடம்பில் ஒளிந்து இருக்கும் நோய் மீண்டும் தலை தூக்கலாம்.

ராக்சியின் சண்டை

இதற்காகவே ஒரு விளையாட்டை உருவாக்கினார்கள். ஹோப்லேப் என்ற அமெரிக்க நிறுவனம் 2006-ல் அதை வெளியிட்டது. பெயர், 'ரீ-மிஷன்'.

அதில் ராக்சி என்று ஒரு குட்டி எந்திரப் பெண் வருகிறாள். நோயாளியின் உடம்புக்குள் பறக்கிறாள். புற்றுநோய்ச் செல்களைச் சுட்டுத் தள்ளுகிறாள். மருந்துதான் அவளுடைய குண்டு! கதையில் வரும் நோயாளி மாத்திரையைத் தவற விட்டால், அவளுடைய துப்பாக்கி மக்கர் செய்யும்.

"மருந்து சாப்பிடு" என்று யாரும் அதில் புத்தி சொல்வது இல்லை. விளையாடுகிறவனே புரிந்து கொள்கிறான்.

மூடி சொன்ன உண்மை

பமேலா காட்டோ என்ற மனநூல் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 34 மருத்துவமனைகளில், 375 நோயாளிகள் சேர்ந்தார்கள். எல்லோரும் 13 முதல் 29 வயது வரை உள்ளவர்கள். ஒரு பிரிவுக்குச் சாதாரண விளையாட்டு மட்டும் கொடுத்தார்கள். மற்ற பிரிவுக்கு 'ரீ-மிஷன்' விளையாட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வாரம் ஒரு மணி நேரமாவது, 3 மாதம் விளையாட வேண்டும்.

"மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாயா?" என்று கேட்டதற்கு இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பதில் சொன்னார்கள்.

ஆனால், சிலருடைய மருந்துப் புட்டியின் மூடியில் ஒரு சிறு கருவி இருந்தது. புட்டியைத் திறக்கும் போதெல்லாம் அது குறித்துக் கொள்ளும். அந்த மூடி உண்மையைச் சொல்லி விட்டது! கிருமி தொற்றாமல் தடுக்கும் மருந்தை, 'ரீ-மிஷன்' ஆடியவர்கள் நூற்றுக்கு 62 வேளை சாப்பிட்டார்கள். மற்றவர்கள் 53 வேளைதான். புற்றுநோய் மாத்திரையிலும் வித்தியாசம் இருந்ததை ரத்தப் பரிசோதனை காட்டியது.

இந்த முடிவு 2008-ல் வெளியாயிற்று. ஆனால், மன அழுத்தம் குறையவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

டாக்டர் சீட்டில் விளையாட்டு

2020 ஜூன் மாதத்தில் இன்னொரு புதுமை நடந்தது. 'எண்டெவர்' என்ற விளையாட்டை டாக்டர் சீட்டு எழுதிக் கொடுக்க அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்தது. அப்போது இது கவனக் குறைவு நோய் உள்ள, 8 முதல் 12 வயது வரையான குழந்தைகளுக்கு உரியதாக இருந்தது.

இதை 348 குழந்தைகளிடம் சோதித்து இருந்தார்கள். கம்ப்யூட்டரில் நடத்திய கவனச் சோதனையில் குழந்தைகள் முன்னேறினார்கள். ஆனால், அன்றாட நடத்தையைப் பற்றிப் பெற்றோர் சொன்னதில், வேறொரு சொல் விளையாட்டை ஆடிய குழந்தைகளைவிட அதிக முன்னேற்றம் தெரியவில்லை. மற்ற சிகிச்சையோடு சேர்த்துத்தான் இதைத் தர வேண்டும் என்பது விதி.

இன்னொரு பக்கமும் உண்டு. கட்டுக்கு அடங்காத விளையாட்டு வெறியை 2019-ல் உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது.

எப்படி எடை போடுவது?

"இந்த விளையாட்டு உடம்புக்கு நல்லது" என்று யாராவது விற்க வந்தால், 3 கேள்விகள் கேளுங்கள்.

எந்தப் பழக்கத்தை இது மாற்றும்? அதை யார் சோதித்தார்கள்? டாக்டரின் சிகிச்சையை விட்டுவிடச் சொல்கிறதா?

கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால், அதைத் தொடாதீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை என்றால், அது வெறும் விளையாட்டு. பொழுது போக்கலாம், மருந்து என்று நம்ப வேண்டாம்.