மூவாயிரம் ரூபாயில் புது வாசல்!

வீட்டில் இருப்பது நான்கு பேர். வாசலில் கிடந்தது பதினோரு ஜோடி செருப்பு. அதில் இரண்டு ஜோடி யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை.

சென்னைப் புறநகரில் ஒரு கீழ்த்தள வாடகை வீடு. அப்பா, அம்மா, கல்லூரி படிக்கும் மகள், 74 வயதுப் பாட்டி. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, 'இந்த வருஷம் வாசலையாவது அழகு பண்ணணும்' என்று அம்மா 3,000 ரூபாய் ஒதுக்கினார். மகள் போனில் பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் போட்டாள். செங்கல் டிசைன் வால்பேப்பர், பித்தளை உருளி, தொங்கும் செடிகள், பெயர்ப்பலகை.

அன்று சாயங்காலம் பாட்டி மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு வந்தார். வாசற்படிக்கு முன் நின்றார். ஒரு கையால் சுவரைத் தடவினார். காலால் செருப்புகளை ஒதுக்கினார். படி எங்கே என்று பாதத்தாலேயே தேடி, நிலையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மகள் அதை அப்போதுதான் கவனித்தாள். போன மழையில் அந்தப் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து பாட்டி கோயிலுக்குப் போவதில்லை. 'முட்டி வலி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாட்டி, உங்களுக்கு வாசல்ல என்ன வேணும்?"

"எனக்கென்னடி வேணும்? செருப்பு போட்டுக்க உட்கார ஒரு இடம் இருந்தா போதும்."

பட்டியல் அங்கேயே மாறியது. வெளிச்சம் முதலில், அடுத்து கால், பிறகு கை, கடைசியில் அழகு. வாசலைப் புதுப்பிக்க நினைக்கும் எந்த வீட்டுக்கும் இந்த வரிசை பொருந்தும்.

பணத்தைப் பிரிப்பது எப்படி?

வெளிச்சத்துக்கு 500 ரூபாய், படிக்கு 400, கைப்பிடிக்கு 700, செருப்பு ஸ்டாண்டுக்கு 700, கால்மிதிக்கு 300, அலங்காரத்துக்கு 400. இது உச்சவரம்புதான். ஊருக்கு ஊர் விலை மாறும். ஒன்றில் மிச்சமானால் அடுத்ததற்குப் போகலாம். ஆனால், அலங்காரத்துக்காகப் படியின் காசில் கை வைக்கக் கூடாது என்பது மட்டும் அம்மாவும் மகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

முதலில் காலி செய்யுங்கள்

செலவே இல்லாத வேலை இது. வாசலில் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்து, நன்றாகக் கழுவி, ஒருநாள் வெறுமையாக விடுங்கள். அப்போதுதான் குறைகள் கண்ணில் படும். இந்த வீட்டில் தெரிந்தவை மூன்று. ஒட்டடை படிந்த மங்கல் பல்பு, எனாமல் பெயின்டில் கோலம் போட்ட வழவழ படி, சுவரின் அடியில் உப்புப் பூத்து உதிரும் பெயின்ட்.

மூன்றாவதைப் பார்த்ததும் வால்பேப்பர் ஆசை போய்விட்டது. ஈரம் ஏறும் சுவரில் எதை ஒட்டினாலும் உரிந்துவிடும். உள்ளே பூஞ்சையும் பிடிக்கும். குழாய்க் கசிவா, மழைநீர் தேங்குவதா என்று காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் சுவரை மூட வேண்டும். அதுவரை உதிர்வதைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றுப்பட விடுவதே நல்லது.

வெளிச்சம்

கதவுக்கு மேலே இருந்த பழைய பல்புக்குப் பதிலாக 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டார்கள். தினமும் ஆறு மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு 1.6 யூனிட்தான் ஆகும். அதனால், 'கரன்ட் பில்' என்று சொல்லி வாசலை இருட்டில் வைக்க வேண்டியதில்லை.

ஆனால், ஒரு சிக்கல் மீதி இருந்தது. வீட்டிலிருந்து இறங்கும்போது வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நம் நிழலே படியில் விழுந்து அதை மறைக்கிறது. எனவே, ஆள் நடமாட்டத்தில் தானாக எரியும் சிறிய சென்சார் விளக்கு ஒன்றைப் படியை ஒட்டி, முழங்கால் உயரத்துக்குக் கீழே, மழைச்சாரல் படாத பக்கமாக ஒட்டினார்கள். சார்ஜ் செய்துகொள்ளும் வகை என்பதால் வயரிங் வேலை இல்லை, சுவரில் துளையும் இல்லை. வாடகை வீட்டுக்கு ஏற்றது. புதிதாக வயர் இழுக்க வேண்டுமென்றால் மட்டும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

படி

மூன்று வருடத்துக்கு முன் அம்மா ஆசையாக வரைந்த பெயின்ட் கோலம்தான் பாட்டியை வழுக்கிவிட்டது. எனாமல் பெயின்ட் காய்ந்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதன்மேல் தண்ணீர் பட்டால் கால் நிற்காது. பிளாஸ்டிக் கோல ஸ்டிக்கரும் அப்படித்தான்.

பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலமுள்ள, சொரசொரப்பான வழுக்காத டேப்பை ஒட்டினார்கள். ஒட்டுவதற்கு முன் படியை சோப்பு போட்டுத் தேய்த்து, ஒருநாள் முழுக்கக் காயவிட வேண்டும். டேப்பின் மூலைகளைக் கத்தரியால் வளைவாக வெட்டிவிட்டால் சீக்கிரம் உரியாது. படியின் நிறத்துக்கு நேரெதிரான நிறத்தில் வாங்குவது முக்கியம். கண்புரை உள்ளவர்களுக்கு ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு படிகள் ஒரே தரையாகத்தான் தெரியும்.

படிக்கு பெயின்ட்தான் அடிக்க வேண்டும் என்பவர்கள், முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே சலித்த மெல்லிய மணலைச் சீராகத் தூவி, காய்ந்ததும் ஒட்டாத மணலைத் துடைத்துவிட்டு, அதன்மேல் இரண்டாவது கோட் அடிக்கலாம்.

"என் கோலம் போச்சே" என்றார் அம்மா.

"கோலம் தரைக்கும்மா. படிக்கு ரெண்டு இழை போதும். அரிசி மாவுல போடு, எறும்பாவது தின்னும்" என்றார் பாட்டி.

செருப்பு ஸ்டாண்ட்... உட்காரும் பெஞ்சும் அதுவே!

டிவியைச் சுவரில் மாட்டிய பிறகு பல வீடுகளில் பழைய டிவி ஸ்டாண்ட் சும்மா கிடக்கும். இந்த வீட்டில் கிடந்தது நல்ல மரத்தில் செய்தது. 17 அங்குல உயரம். பெரியவர்கள் உட்கார்ந்து எழ 17, 18 அங்குலம் வசதியானது. அதைவிடத் தாழ்வாக இருந்தால் எழுந்திருக்க முட்டி கெஞ்சும். அடித்தட்டின் ஆழம் ஓர் அடி இருந்ததால், பெரிய செருப்பும் வெளியே நீட்டாமல் அடங்கியது.

ஒரு எச்சரிக்கை. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு ஸ்டாண்டாக இருந்தால் செருப்பு வைக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஆள் உட்காரும் பாரத்தை அது தாங்கும் என்று நம்ப முடியாது. ஈரம் பட்டால் ஊறி உப்பிவிடும்.

வேலை இரண்டு ஞாயிறு நடந்தது. முதல் ஞாயிறு, ஆடும் ஸ்க்ரூக்களை இறுக்கி, 80ஆம் நம்பர் உப்புத்தாளால் பழைய வார்னிஷைத் தேய்த்து, பிறகு 120ஆம் நம்பரால் வழவழப்பாக்கினார்கள். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, மரத்துக்கான பிரைமர் ஒரு கோட். அடுத்த ஞாயிறு 220ஆம் நம்பரால் லேசாக ஒரு தேய்ப்பு. பிறகு எனாமல் பெயின்ட் இரண்டு கோட். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது டின்னிலேயே போட்டிருக்கும். அவசரப்பட்டால் பெயின்ட் பிசுபிசுக்கும்.

பழைய பெயின்ட் அடித்த சாமானைத் தேய்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளுக்குக் கெடுதல். எனவே, வெளியில் வைத்து, ஈரப்படுத்தி, தண்ணீரில் தேய்க்கும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முகக்கவசம் போடுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டி, ஸ்டாண்டைச் சுவர் மூலையில் ஒட்டி நிறுத்தினார்கள். முதலில் அப்பா உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. பிறகுதான் பாட்டிக்கு அனுமதி!

அன்றாடம் போடும் ஒரு ஜோடி மட்டுமே ஆளுக்கு வாசலில். மற்றவை வீட்டுக்குள். உரிமையாளர் தெரியாத இரண்டு ஜோடியும் விடைபெற்றன.

கைப்பிடி

பாட்டி பிடித்து ஏற ஒரு ஸ்டீல் கைப்பிடி வேண்டும். காற்றழுத்தத்தில் ஒட்டும் வகையை இதற்கு நம்பக் கூடாது. உடல் பாரம் விழும்போது கழன்றுவிடும். சுவரில் துளையிட்டு, பிளக் அடித்து, ஸ்க்ரூவால் முடுக்குவதுதான் பாதுகாப்பு. தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும் பூச்சில் மாட்டக் கூடாது. உயரம், பிடிப்பவரை நிற்கச் சொல்லி அவர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வைத்துக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால், 'சுவர்ல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது' என்பது ஹவுஸ் ஓனர் போட்ட முதல் நிபந்தனை. அப்பா தயங்கித் தயங்கி மாடிக்குப் போனார். விஷயத்தைக் கேட்ட ஓனர், தன்னுடைய டிரில்லிங் மெஷினோடு இறங்கி வந்தார். மாட்டி முடித்ததும் தானே பிடித்து இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தார். "எங்க படியிலயும் ஒண்ணு போடணும்" என்றார். கேட்காமலே 'முடியாது' என்று முடிவு செய்யாதீர்கள்.

கால்மிதி

வெளியே மண்ணை உரச தென்னை நார் மிதியடி ஒன்று. உள்ளே ஈரம் உறிஞ்சப் பருத்தியில் ஒன்று. உள்ளே போடுவது பழைய நூல் புடவையிலேயே தயார். ஐந்தரை மீட்டர் புடவையை நீளவாக்கில் மூன்று அங்குலப் பட்டைகளாகக் கிழித்தால் பதினைந்து பட்டைகள் கிடைக்கும். மூன்று மூன்றாகப் பின்னினால் ஐந்து பின்னல்கள். அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, வட்டமாகச் சுற்றி, கோணி ஊசியும் தடித்த நூலும் கொண்டு தைத்துவிடலாம். அடியில் வழுக்காத ரப்பர் வலையை வெட்டிப் போடுவது கட்டாயம். நகரும் கால்மிதி, வழுக்கும் படியைவிட மோசம்.

கடைசியாக அழகு

மீதி இருந்த பணத்தில் சாவிக்கு ஒட்டுக் கொக்கிகள், நிலைக்கு மாவிலைத் தோரணம், இரண்டு தொட்டிச் செடிகள். நேரடி வெயில் வராத வாசலுக்கு மணி பிளான்ட்டும், பாம்புக் கற்றாழையும் போதும்.

உருளி ஆசை மட்டும் மகளை விடவில்லை. பித்தளைக்குப் பதில் வீட்டிலிருந்த மண்சட்டியை எடுத்தாள். பூ மிதக்கவிடுபவர்கள் தினமும் தண்ணீரை மாற்றி, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். செடித் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுக்கும் இதே கதைதான்.

அப்பார்ட்மென்ட்வாசிகளுக்கு...

கதவுக்கு வெளியே இருப்பது பொது நடைபாதை. அங்கே ஸ்டாண்டும் செடியும் வைத்தால், தீ விபத்து நேரத்தில் புகையில் ஓடிவருபவர்கள் தடுக்கி விழுவார்கள். வெளியே ஒரு கால்மிதி மட்டும் இருக்கட்டும். மற்றதெல்லாம் கதவுக்கு உள்பக்கம்.

தீபாவளிக்கு முதல்நாள் மழை தூறியது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். கைப்பிடியைப் பிடித்தார். விளக்கு தானாக எரிந்தது. இரண்டு படி இறங்கி, குடையை விரித்தார்.

"அத்தை, எங்க கிளம்பிட்டீங்க மழையில?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டார்.

"பிள்ளையார் கோயிலுக்குத்தான். வந்துடறேன்."