ரயில்வே கேட்டைக் கடக்கும் லாரி, பஸ் ஓட்டுநர்கள்: இணையப் பயிற்சி போதுமா?

ஈப்போவில் சரக்கு ஏற்றும் லாரி, சிம்பாங் பூலாய், லோஜிங் வழியாகச் சில மணி நேரத்தில் குவா மூசாங் போய்ச் சேர்ந்துவிடும். சாலை ஒன்றுதான். ஆனால் தண்டவாளத்தைப் பொறுத்தவரை ஓட்டுநர் வேறொரு உலகத்துக்குள் நுழைகிறார்.

பேராக்கில் ரயில்வே கேட் நமக்குப் புதிதல்ல. மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத்தான் ஓடியது. தோட்டத்தில் வளர்ந்த பலருக்கு, கேட் மூடியதும் பஸ்ஸில் காத்திருந்த ஞாபகம் இன்னும் இருக்கும். ரவாங்–ஈப்போ, ஈப்போ–பாடாங் பெசார் இரட்டைத் தண்டவாளத் திட்டங்கள் வந்த பிறகு நிலைமை மாறியது. 140 கிலோமீட்டர் வேகத்தில் இடிஎஸ் ஓடும் பாதையில் வாகனங்கள் குறுக்கே போக முடியாது. அதனால் கேட் இருந்த இடங்களில் மேம்பாலங்களும் சுரங்கச் சாலைகளும் வந்தன.

இது நல்ல மாற்றம்தான். ஆனால் இன்று தொழில்முறை உரிமம் எடுக்கும் பேராக் இளைஞர் ஒருவர், தண்டவாளத்தை நேராகக் கடந்த அனுபவமே இல்லாமல் வேலைக்குப் போகலாம். கெமாஸ்–தும்பாட் கிழக்குக் கரைப் பாதையிலோ அந்தக் கடவைகள் இன்னும் இருக்கின்றன.

இணையப் பயிற்சியில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

அமெரிக்காவில் 1972-இல் தொடங்கிய 'ஆபரேஷன் லைஃப்சேவர்' அமைப்பு, லாரி மற்றும் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களுக்கு இலவச இணையப் பயிற்சி தருகிறது. அடிப்படைப் பாடங்கள் எளிமையானவை.

- கடவைக்கு அந்தப் பக்கம் முழு வண்டியும் நிற்க இடம் இருந்தால் மட்டுமே ஏற வேண்டும்.
- தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றக் கூடாது.
- அடிப்பாகம் தாழ்வான டிரெய்லர், மேடான கடவையில் சிக்கிக்கொள்ளும்.
- வண்டி நின்றுவிட்டால், அதைக் காப்பாற்றப் பார்க்காமல் எல்லாரும் உடனே இறங்கி விலகிப் போய், தகவல் கொடுக்க வேண்டும்.

"இதெல்லாம் தெரிஞ்சதுதானே" என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 18 மீட்டர் டிரெய்லர், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 10 மீட்டர் அகலக் கடவையை முழுதாகத் தாண்ட சுமார் 10 விநாடி ஆகும். அதற்குள் 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் 250 மீட்டர் நெருங்கிவிடும். அதே வேகத்தில் வரும் நீளமான சரக்கு ரயில் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும்.

1995-இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் ரிவர் குரோவில், பள்ளிப் பேருந்து ஒன்று சிவப்பு விளக்குக்காக நின்றது. முன்பக்கம் சரியான இடத்தில் இருந்தது; வால்பகுதி தண்டவாளத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. 7 மாணவர்கள் இறந்தார்கள். 2017-இல் பிலாக்ஸி நகரில் சுற்றுலாப் பேருந்து மேடான கடவையில் சிக்கியதில் 4 பேர் இறந்தார்கள். காரோட்டிக்குத் தேவைப்படாத கணக்கு, பெரிய வண்டி ஓட்டுபவருக்குத் தேவை.

அப்படியானால் எல்லாம் ஓட்டுநர் பொறுப்பா?

இல்லை. 2025 ஜூலை 8 அன்று தமிழ்நாட்டின் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 மாணவர்கள் உயிரிழந்தனர். வேன் ஓட்டுநர் வற்புறுத்தியதால் கேட் திறந்துவிடப்பட்டதாக ரயில்வே முதலில் கூறியது. ஆனால் கேட் கீப்பர்தான் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, கைதானார். அந்தக் கேட் சிக்னலுடன் இணைக்கப்படாதது. அதாவது, கேட் திறந்திருந்தாலும் ரயிலுக்குப் பச்சை விளக்கு கிடைக்கும். இதற்குப் பிறகே கேட்டுகளில் சிசிடிவி பொருத்தவும், கூடுதல் கேட்டுகளை சிக்னலுடன் இணைக்கவும் இந்திய ரயில்வே உத்தரவிட்டது.

கேட் திறந்திருந்தால் போகலாம் என்று நம்புவது குற்றமல்ல. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது ரயில்வேயின் வேலை. அதே சமயம், திறந்த கேட்டிலும் ஒருமுறை நின்று இரு பக்கமும் பார்க்கும் பழக்கம் உயிரைக் காப்பாற்றக்கூடும்.

மலேசியாவுக்கு இதில் என்ன பாடம்?

கிரிக் அருகே 2025 ஜூன் மாதம் நடந்த பேருந்து விபத்தில், தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேரை இழந்தோம். அது ரயில் விபத்து அல்ல. ஆனால் பெரிய வண்டிகளின் பாதுகாப்பு ஓட்டுநரோடு முடிவதில்லை, அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்தையும் கேள்வி கேட்க வேண்டும் என்ற விவாதம் அதற்குப் பிறகு வலுத்தது.

இணையப் பயிற்சிக்கும் அதே கேள்வி பொருந்தும். கைப்பேசியில் பார்க்கும் பாடம் மலிவானது, வேலை இடைவேளையிலும் முடித்துவிடலாம். தமிழிலும் மலாயிலும் இருந்தால் இன்னும் பலருக்குப் போய்ச் சேரும். ஆனால் அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா? நடைக் கணக்கில் கூலி வாங்கும் ஓட்டுநர் கேட்டில் பத்து நிமிடம் நின்றால், தாமதத்துக்கு யார் பதில் சொல்வது? "நின்னு போ" என்று பயிற்சியும், "சீக்கிரம் போ" என்று முதலாளியும் சொன்னால், ஓட்டுநர் கேட்கப்போவது முதலாளி சொல்வதைத்தான். பயிற்சியை ஓட்டுநரிடம் கொடுக்கும்போது, நிற்பதற்கான நேரத்தையும் அட்டவணையில் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.