மாதர் ஓட்டு யாருக்கு?

"பொம்பளை ஒருத்தி துணிஞ்சு நிக்கிறா. பொம்பளைங்க நாமளே போடாட்டி அவளுக்கு வேற யாரு போடுவா?"

தேர்தல் வந்துவிட்டால் ஆரப்பாளையத்துக் குழாயடியில் இந்தப் பேச்சு எழும். பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டி விற்கும் தாய்மார்களும் கேட்பார்கள். கோச்சடை, துவரிமான் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற சகோதரிகளும் கேட்பார்கள். "வர்க்கம்தான் முக்கியம், ஆண் என்ன, பெண் என்ன" என்று ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற தோழர்கள் உண்டு. கேட்டவர்களுக்கு அந்தப் பதில் போதாது. நமக்கும் போதாது.

அந்தக் கேள்விக்குள் ஒரு நியாயமான கோபம் இருக்கிறது. 1921-ல் சென்னை மாகாணத்தில் மாதருக்கு ஓட்டுரிமை கிடைத்தது. ஆனால் சொத்துக்காரர்களுக்குத்தான் ஓட்டு என்ற விதி போகவில்லை. ஆகவே பங்களாவில் இருந்த அம்மாள் ஓட்டுப் போட்டாள். பஞ்சாலையில் நூல் இழுத்த பெண் வேடிக்கை பார்த்தாள். 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் முதல் பெண் அங்கத்தினராக அமர்ந்தார். கூலிக்காரப் பெண்ணின் கைக்கு ஓட்டு வந்தது சுதந்திரத்திற்குப் பிறகு, 1952 பொதுத் தேர்தலில்தான். அதன் பிறகு எத்தனையோ தேர்தல்கள் நடந்தன. 2021-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திற்குத் தேர்வான 234 பேரில் பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? 12 பேர்! வரிசையில் நின்று ஓட்டுப் போடுவதில் மாதர் சரிபாதி. சபையில் உட்காருவதில் இருபதில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைப் பார்த்து ஒரு பெண்ணுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆகவே பெண் அபேட்சகர்கள் வேண்டும், ஏராளமாக வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பெண் என்ற ஒரே காரணத்திற்காக ஒருவருக்கு ஓட்டுப் போடலாமா? இதற்குச் சரித்திரம் என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்போம்.

உலகத்தின் முதல் பெண் பிரதமர் நமக்கு அடுத்த வீடான இலங்கையில்தான் பதவி ஏற்றார். 1960-ல் ஸ்ரீமாவோ பண்டாரநாயகா பிரதமரானபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் வியந்து எழுதின. மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களுக்கு அதனால் கிடைத்தது என்ன? 1964 அக்டோபரில் அவரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தோட்டத் தொழிலாளரைத் தலையெண்ணிப் பங்கு போட்டார்கள். எந்தக் கொழுந்துக்காரியிடமும் சம்மதம் கேட்கவில்லை. அங்கேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அந்த மண்ணை வளமாக்கிய பெண்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு கப்பலேறினார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் பெண், ஒருவர் ஆண். கொழுந்துக்காரிக்கு இருவரும் ஒன்றுதான்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்திற்குள் பெரும் ரகளை நடந்தது. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா, தம் சேலை பிடித்து இழுக்கப்பட்டது என்று குற்றம் சாட்டினார். தி.மு.க. அதை மறுத்தது. வாக்குவாதம் எப்படியிருந்தாலும், கலைந்த தலையோடு ஒரு பெண் சபையை விட்டு வெளியே வந்த காட்சி தாய்மார்களின் நெஞ்சைத் தைத்தது. 1991-ல் அவர் முதலமைச்சரானார். எத்தனையோ பெண்கள் தங்கள் வீட்டுப் பெண்ணே கோட்டைக்குப் போனது போல மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியைக் கேலி செய்ய நாம் தயாரில்லை.

ஆனால் ஓராண்டு கழிந்தது. 1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்ற சின்னஞ்சிறு மலைவாசிக் கிராமம். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினரும் போலீசாரும் ரெவின்யூ அதிகாரிகளும் படை திரட்டிப் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைக் கொட்டினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். கோட்டையில் இருந்தது ஒரு பெண்ணின் சர்க்கார். அந்த சர்க்கார் என்ன செய்தது? அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை என்று சாதித்தது! மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஜனநாயக மாதர் சங்கமும் விடாமல் போராடி, கோர்ட்டுப் படிகளில் ஏறி இறங்கிய பிறகுதான் சி.பி.ஐ. விசாரணை வந்தது. 2011 செப்டம்பரில் தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். 2023-ல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம்! அன்று பதினைந்து வயதுப் பெண்ணாக இருந்தவள், நியாயம் கிடைத்தபோது பேரப்பிள்ளை எடுக்கும் வயதுக்கு வந்துவிட்டாள்.

அதே ஆட்சியில்தான், 1992-ல், அனைத்து மகளிர் போலீஸ் நிலையமும் தொட்டில் குழந்தைத் திட்டமும் வந்தன. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் 18 மலைவாசிப் பெண்கள் ஒரு பக்கம், சர்க்காரின் அதிகாரிகள் மறுபக்கம் என்று நின்றபோது, அந்த ஆட்சி அதிகாரிகளின் பக்கம் போய் நின்றது. 2003-ல் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது சுமார் 1,70,000 பேரை ஒரே அடியாக வேலையிலிருந்து தூக்கி எறிந்ததும் அவரது ஆட்சியே. அந்த ஜாபிதாவில் எத்தனை ஆசிரியைகள், எத்தனை தாய்மார்கள்!

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஜெயலலிதாவை எதிர்த்தவர்களில் ஒரு கூட்டம் அவரை "சினிமாக்காரி" என்று ஏசியது. அவருடைய சேலையையும் சொந்த வாழ்க்கையையும் தெருவில் இழுத்துப் பேசியது. அந்தக் கூட்டத்தில் நமக்கு இடமில்லை. ஆண் அபேட்சகர் எத்தனை கல்யாணம் செய்தார் என்று கேட்காதவன், பெண் அபேட்சகர் ஏன் தனியாக இருக்கிறாள் என்று கேட்கிறான். இந்த அயோக்கியத்தனத்தை எதிர்க்கட்சிக்காரி மீது பிரயோகித்தாலும் நாம் கண்டிப்போம். வாச்சாத்திக்காக அவர் ஆட்சியை எதிர்த்தோம். அவர் பெண் என்பதையோ, அவர் தொழிலையோ நாம் குற்றமாகச் சொல்ல முடியாது. நம் மதுரை இயக்கத்தின் தாயான தோழர் கே.பி. ஜானகி அம்மாளே நாடக மேடையிலிருந்து வந்தவர்தானே!

ஜானகி அம்மாளை நினைக்கும்போதுதான் பெண் அபேட்சகர் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. 1917-ல் பிறந்தவர். மேடையில் பாடி நடித்துப் பேரும் பணமும் கண்டவர். நாடகக்காரி என்றால் நாலு பேர் மட்டமாகப் பார்த்த காலம் அது. அவர் அந்த மேடையையே சுதந்திரப் பிரசார மேடையாக்கினார். வெள்ளைக்காரன் சிறையில் அடைத்தான். கம்யூனிஸ்ட் ஆனார், நகையையும் பட்டுச் சேலையையும் விற்று இயக்கத்திற்குக் கொடுத்தார். 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதி மக்கள் அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பே முப்பது வருஷமாகத் தொழிலாளர், விவசாயிகள் வீட்டு வாசல்களில் அவருடைய கால் பட்டிருந்தது. அவருக்கு ஓட்டுக் கேட்டு யாரும் அவரை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. 1992 மார்ச்சில் கண் மூடும்வரை எளிய வாழ்க்கையே வாழ்ந்தார்.

இன்னொரு பெயர் தோழர் லீலாவதி. வில்லாபுரத்துக் கைத்தறி நெசவாளர் குடும்பத்துப் பெண். 1993-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி உள்ளாட்சிகளில் மாதருக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். அதன்படி 1996-ல் நடந்த தேர்தலில் அவர் மதுரை மாநகராட்சிக் கவுன்சிலரானார். வில்லாபுரத்துப் பெண்கள் ஒரு குடம் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிய காலம். குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று மன்றத்தில் பேசினார், தெருவில் போராடினார். தண்ணீரை விற்றுப் பிழைத்தவர்களுக்கும் ரவுடிகளுக்கும் இது பொறுக்கவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில், நடுத்தெருவில் அவரை வெட்டிக் கொன்றார்கள். பதவிக்கு வந்து ஆறே மாதம்தான்.

மாதருக்கு இட ஒதுக்கீடு எதற்கு என்று இன்னும் கேட்பவர்களை வில்லாபுரத்துக்கு அழைத்துப் போக வேண்டும். ஒதுக்கீடு இல்லாவிட்டால் அந்த நெசவாளிப் பெண் மன்றத்திற்குள் நுழைந்திருப்பாரா என்பது சந்தேகமே. கதவைத் திறந்துவிட்டது சட்டம். உள்ளே போய் யாருக்காகப் பேசுவது என்று அவருக்குக் கற்றுக் கொடுத்தது இயக்கம்.

இந்த இரண்டாவது பாடம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஊர் ஊராகப் பார்க்கிறோம். தலைவர் நாற்காலியில் மனைவி, ஃபைலில் கை வைப்பது கணவன். போர்டில் பெண் பெயர், போனை எடுப்பது மைத்துனன். 2016-ல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் மாதர் பங்கு பாதியாக உயர்ந்தது. மதுரை மேயர் பதவியும் 2022-ல் மாதருக்கென்று வந்தது. அப்போது மேயரான இந்திராணி பொன்வசந்த் 2025 அக்டோபரில் ராஜினாமா செய்தார். சொத்து வரி முறைகேடு வழக்கில் அவருடைய கணவர் அதே ஆண்டு கைதாகியிருந்தார். வழக்கில் தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் முந்திக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்த நாட்களில் ஆரப்பாளையத்து டீக்கடைகளில் மேயரைப் பற்றி நடந்த பேச்சை விட, மேயரின் கணவரைப் பற்றி நடந்த பேச்சே அதிகம். பெண்ணுக்கென்று வந்த ஒரு பதவியைப் பற்றி ஊர் இப்படிப் பேச நேர்ந்ததே மாதர் இயக்கத்திற்கு ஒரு எச்சரிக்கை.

இனி சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு வரப்போகிறது என்கிறார்கள். 1996-லேயே மசோதா வந்தது, கம்யூனிஸ்ட் எம்.பி. கீதா முகர்ஜி தலைமையில் கமிட்டி அதைப் பரிசீலித்தது. 27 வருஷம் இழுத்தடித்து, 2023 செப்டம்பரில் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அப்போதும், ஜனத்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமல் என்று ஒரு முடிச்சைப் போட்டுத்தான் நிறைவேற்றினார்கள்! என்றாலும், போராடிப் பெற்ற உரிமை அது. பணக்கார வீட்டு மருமகள்களும் மந்திரிகளின் மகள்களும் அந்த இடங்களை வாரிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது உழைக்கும் மாதரின் கையில் இருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, ஒரு பெண் அபேட்சகர் உங்கள் வாசலில் கை கூப்பி நிற்கும்போது மரியாதையோடு உட்கார வையுங்கள். பிறகு கேளுங்கள். நடவுக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று கொடுக்கும் மிராசுதாரிடம் நீ போய்ப் பேசியதுண்டா? மூன்று வருஷம் மில் விடுதியில் அடைந்து கிடந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று ஏழைப் பெண்களைப் பிடித்த சுமங்கலித் திட்டத்தை எதிர்த்து நீ வாய் திறந்தாயா? உத்தபுரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008-ல் இடிக்கப்பட்டதே, அன்று நீ எந்தப் பக்கம் நின்றாய்? ஜெயித்த பிறகு கையெழுத்துப் போடப்போவது நீயா, உன் வீட்டுக்காரரா?

ஆண் அபேட்சகர் வந்தாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். ஒன்றையும் குறைக்காதீர்கள். பெண்ணிடம் மட்டும் பரீட்சை வைத்து, ஆணைச் சும்மா விட்டால் அது அநியாயம். நம் கட்சிக்காரர்கள் செங்கொடியோடு வந்தாலும் கேளுங்கள்: "எங்கள் தெருவில் சங்கத்துக்காக ஓடியாடுகிற பெண்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே, அவர்களில் யாரை நிறுத்துகிறீர்கள்?" கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு, பதில் சொல்கிற கடமை எங்களுக்கு உண்டு.

பதில் சரியாக இருந்து, அபேட்சகர் பெண்ணாகவும் இருந்தால் இரட்டைச் சந்தோஷத்தோடு ஓட்டுப் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பதில் சரியில்லை என்றால், பெண் என்பதற்காகத் தயங்க வேண்டாம். அதோடு நிற்கவும் வேண்டாம். அடுத்த தேர்தலுக்குள் உங்கள் தெருவிலிருந்தே, உங்கள் மில்லிலிருந்தே, உங்கள் நடவு வரிசையிலிருந்தே ஒரு லீலாவதியைத் தயார் செய்யுங்கள். மாதர் சங்கக் கிளை அதற்கான பள்ளிக்கூடம். இன்றே போய்ச் சேருங்கள்.